நூறில் ஒரு பங்கு

கோவை

அன்புள்ள கயல் கண்ணு,

லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் டிக்கெட் வாங்க நேரம் ஒதுக்கி மின்னஞ்சல் வந்துவிட்டது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதை வாங்கட்டும் என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

தொடக்க விழா வேண்டாம், டிவியில் பார்த்துக்கொள்ளலாம். 1900-க்குப் பிறகு இப்போதுதான் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் வருகிறது, மாப்பிள்ளை ஆசைப்படுவது நியாயம். உங்களுக்கு அதில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கொலிசியம் மைதானத்தில் பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம் பார்க்க வேண்டும். முதல் சுற்றே போதும்.

1984-ல் பி.டி. உஷா அங்கேதான் ஓடினார். 55.42 நொடி, நான்காம் இடம். மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணுக்கு 55.41. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளி மைதானத்தில் இரண்டு மூங்கில் நட்டு, குறுக்கே கம்பு வைத்துத் தாண்டிப் பழகிக்கொண்டிருந்தோம். செய்தி வந்த அன்று விளையாட்டு டீச்சர் தன் ஸ்டாப் வாட்சை எங்கள் கையில் கொடுத்து, அமுக்கின வேகத்தில் நிறுத்திப் பாருங்கள் என்றார். மாற்றி மாற்றி அமுக்கினோம். முள் எப்படியும் ஒரு கோடு தாண்டிவிடும். அந்த ஒரு கோடு பத்தில் ஒரு நொடி. நூறில் ஒரு பங்குக்கு அந்த வாட்சில் கோடே கிடையாது. டீச்சர் ஒன்றும் பேசாமல் அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

முதல் சுற்று என்றால் மட்டம் என்று நினைத்துவிடாதே. 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் நம் கோயமுத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் அதே 55.42-ல் ஓடி, உஷாவின் தேசியச் சாதனையைத் தொட்டது தகுதிச் சுற்றில்தான். முப்பத்தொன்பது வருடம் கழித்து, அதே எண்! அன்றைக்கு நான் அழுததை நீ போனில் கேட்டாயே. அதே வருடம் புடாபெஸ்ட் உலகத் தடகளப் போட்டியில் நம் ஆண்கள் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில், தமிழ்நாட்டுப் பையன் ராஜேஷ் ரமேஷ் கடைசியாக ஓட, 2 நிமிடம் 59.05 நொடியில் ஆசியச் சாதனை படைத்ததும் தகுதிச் சுற்றில்தான்.

ஒன்றைக் கவனி. டிக்கெட் ஒரு பந்தயத்துக்கு இல்லை, ஒரு வேளைக்கு. அந்த வேளையில் தடை ஓட்டம் இருக்கிறதா என்று அட்டவணையில் பார்த்துவிட்டு வாங்கு. வழக்கமாக இரண்டாம் வாரம் வரும் தடகளம் இந்த முறை முதல் வாரமே வருகிறது, நீச்சல்தான் பின்னால். 2028 ஜூலை 14-ல் தொடக்கம், அதற்கேற்ப லீவு போடு. நேரம் ஒதுக்கினதாலேயே டிக்கெட் நிச்சயம் என்று இல்லையாம், அதனால் ஆரம்பித்தவுடன் உட்கார்ந்துவிடு.

விலை 28 டாலரிலிருந்து என்றாய். அது தீர்ந்துபோனால் கொஞ்சம் கூடுதலானாலும் எடு, என் பங்கை நான் தருகிறேன். மேலே கடைசி வரிசையானாலும் சரி, முடிவுக் கோடு தெரிகிற பக்கமாகப் பார். கடைசி அடியில் நெஞ்சை முன்னால் சாய்க்க உஷா கொஞ்சம் தாமதித்துவிட்டார். அந்த இடத்தை நான் கண்ணால் பார்க்க வேண்டும், கண்ணு.

அன்புடன்,
அம்மா