குச்சி குலுக்குவது நாலு நம்பருக்காகவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வாட்டர்லூ ஸ்திரீட் பற்றிய சென்ற வாரக் கட்டுரையில், குவான் இம் என்ற சீனக் கருணைத் தெய்வத்தின் கோயிலில் பலன் கேட்டுக் குச்சி குலுக்குகிறவர்கள் நாலு நம்பர் லாட்டரிக்கு எண் கேட்க வருகிறவர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். படித்து மனசு கஷ்டமாகிவிட்டது.

உங்கள் நிருபர் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கலாம். செருப்பைக் கழற்றி, மண்டியிட்டு, கேள்வியை மனதுக்குள் சொல்லிக் குவளையைக் குலுக்குவார்கள். எண் போட்ட 100 குச்சிகளில் ஒன்று மட்டும் விழ வேண்டும். அப்புறம் பிறை வடிவச் சிவப்புக் கட்டைகள் இரண்டைத் தரையில் போடுவார்கள். ஒன்று தட்டைப் பக்கமும் மற்றது குவிந்த பக்கமும் காட்டினால்தான் அந்த எண் செல்லும். இல்லையென்றால் மறுபடி குலுக்க வேண்டும். பிறகுதான் அந்த எண்ணுக்குரிய பலன் எழுதிய சீட்டு.

என் கணவர் ஆட்குறைப்பில் வேலை இழந்த வருஷம், பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி என்னை அங்கே அழைத்துப் போனார். எனக்கு நல்ல சீட்டு விழவில்லை. "இப்போ நேரம் சரியில்லை, புதுசா எதையும் தொடங்காதே, மாறும்" என்றார் ஆன்ட்டி. பரிகாரம், தாயத்து என்று யாரும் காசு கேட்கவில்லை. வீட்டை விற்றுக் கடை போடும் பேச்சை அதோடு விட்டோம். பல நாள் கழித்து அன்று ராத்திரிதான் தூங்கினேன்.

நல்லதும் கெட்டதும் மாறி மாறி வரும் என்பதைத்தான் சீனர்களின் பழைய குறிநூலான ஐ சிங்கும் சொல்கிறது. அதன் 64 வடிவங்களில் 11ஆவது செழிப்பு, அடுத்ததே தேக்கம். கடைசி வடிவத்தின் பெயரே 'இன்னும் முடியவில்லை'. உங்களுக்குத் தெரியாததா?

சீனப் புத்தாண்டுச் சிறப்பிதழில் சீட்டின் படத்தைத் தலைகீழாகப் போட்டீர்கள். எழுதினேன், பதில் இல்லை. நம் சனிப்பெயர்ச்சிக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்குகிறீர்கள், அவர்கள் நம்பிக்கைக்கு ஒரு வரி, அதுவும் சூதாட்டம் என்று. பக்கத்திலேயே 1870இலிருந்து இருக்கும் கிருஷ்ணன் கோயிலில் இதே சீன பக்தர்கள் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுவதைப் பெருமையாக அட்டையில் போட்டதும் நீங்கள்தானே?

அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே சீட்டு எடுக்கும் முறையையும் சின்னக் கட்டத்தில் கொடுங்கள். குச்சிகள் மொத்தமாகக் கொட்டிவிட, என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கும் நம்மவர்களை நான் அங்கே பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன், சிங்கப்பூர்