மாடிப்படி நாற்காலிக்கும் என்னைக் காக்கவைத்த தாயிக்கும்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்தில் இருக்கும் எல்லாருக்கும், லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பாத் தோழிகளுக்கும், தாயி (மராத்தியில் அக்கா) என்று நான் கூப்பிடும் பிசியோதெரபிஸ்டுக்கும் வணக்கம்.

2022 ஜனவரியில் கொரோனா வந்தது. ஐந்தே நாளில் காய்ச்சல் விட்டது, அசதி விடவில்லை. ஏப்ரலிலும் ஐந்து லிட்டர் குக்கரைத் தூக்கினால் கை நடுங்கியது. ரிப்போர்ட் எல்லாம் நார்மல், மனசுதான் காரணம் என்றார் ஒரு டாக்டர். தாயிதான் முதலில் நம்பினார். தொற்று வந்து மூன்று மாதமாகியும் தொல்லை தீராமல், குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு காரணமும் இல்லையென்றால் அது கொரோனாவுக்குப் பிந்தைய நிலைதான் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலேயே வரையறுத்திருப்பதை எடுத்துச் சொன்னார். அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 30 நொடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். ஆறு. 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கே 12-க்குக் கீழே போனால் பலம் குறைவு என்று கணக்கு. எனக்கு வயது 43. படுத்தே கிடந்ததில் தொடைச் சதை வற்றியிருந்தது.

ஆனாலும் உடனே பயிற்சி தரவில்லை. நடந்தால் தெம்பு வரும் என்று நானாக ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவைச் சுற்றிவிட்டு இரண்டு நாள் சுருண்டு கிடந்ததைக் கேட்டவர், சின்ன வேலைக்கே மறுநாள் சரிகிற உடம்பில் பளு ஏற்றக் கூடாது என்று ஆறு வாரம் காக்கவைத்தார். தாயி, அந்த ஆறு வாரத்துக்குத்தான் என் பெரிய நன்றி.

பிறகும் படுத்தபடியே ஆரம்பம். மெல்லிய மஞ்சள் ரப்பர் பட்டை, எட்டு தடவை இழுப்பு, மூச்சும் படபடப்பும் அடங்கும்வரை ஓய்வு. வாரத்தில் இரண்டே நாள். இன்னும் முடியும் என்று தோன்றும்போதே "ஹளூ ஹளூ" (மெல்ல, மெல்ல) என்று நிறுத்திவிடுவார். மறுநாள் அசதி கூடினால் அடுத்த முறை பாதிதான்.

தண்ணீர் வாளியை என்னைத் தொடவிடாத என் வீட்டுக்காரருக்கும், நான் ஏறியதுமே ஜன்னலோரம் ஒதுங்கி இடம் கொடுத்த தோழிகளுக்கும் நன்றி. இரண்டாம் மாடி மாமி, படித் திருப்பத்தில் உங்கள் பச்சை பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வெயில் சூடு தெரியாமல் மடித்த துண்டும் விரித்து வைத்தீர்களே! எதற்கு என்று ஒருநாளும் கேட்கவில்லை.

முழுக்கக் குணமாகவில்லை, சில நாள் பேச்சு நடுவில் வார்த்தை நின்றுபோகிறது. ஆனால் போன வாரம் அதே 30 நொடியில் 14 தடவை எழுந்தேன். குக்கரையும் நானே இறக்குகிறேன்.

மாமி, நாற்காலியை எடுத்துவிடாதீர்கள். என் எதிர்வீட்டுப் பாட்டிக்கு முட்டி வலி.