சுங்கை சிப்புட், மலேசியாவிலிருந்து

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியானதில் எங்கள் வீட்டிலும் சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம்.

"உங்கள் தோட்டத்துப் பக்கம் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பெருகிவிட்டார்களாமே, பயமில்லையா?" என்று கேட்டிருந்தாய். அதற்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் எழுத வேண்டும்.

போன மாதம், வங்காளதேசத்துப் பையன் ஒருவன் நம் கோயிலை அசிங்கப்படுத்திவிட்டான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் கிளம்பியது. பொழுது சாய்வதற்குள் நம் பிள்ளைகள் கோயில் திடலில் கூடிவிட்டார்கள். சிலர் கையில் கட்டை. பழைய ஸ்டோர் பக்கத்து பாக்சிக், அதான் நம் மலாய்க்காரப் பெரியவர், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக அந்தத் தொழிலாளர்கள் தங்கும் கொங்சிக்குப் போனார். அந்தப் பையனையே பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். விசாரித்தால், செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்தவன் கோயில் குழாயில் செருப்போடு கால் கழுவியிருக்கிறான், அவ்வளவுதான். "தெரியாம செஞ்சிட்டான், விடுங்கப்பா" என்றார் பூசாரி. மளிகைக்கடைச் சீன முதலாளி தௌக்கே எல்லாருக்கும் தே ஓ, பால் இல்லாத தேநீர், வாங்கிக் கொடுத்தார். அங்கே நின்ற பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பந்து விளையாடக் கற்றுக்கொடுத்தவர் பாக்சிக். அதனால்தான் அவர் பேச்சு எடுபட்டது.

ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 1994-இல் வெளியிட்ட அறிக்கை, மனிதப் பாதுகாப்பை ஏழு வகையாகப் பிரித்தது. வருமானம், உணவு, உடல்நலம் என்று போகும் அந்த வரிசையில் சமூகப் பாதுகாப்பும், அதாவது பல இனத்தாரும் மோதலில்லாமல் பயமின்றி வாழ்வதும், ஒன்று. மற்ற ஆறையும் தாங்குவது அதுதான் என்று எனக்குப் படுகிறது. அன்றைக்கு ஒரு அடி விழுந்திருந்தால் மறுநாள் குலை வெட்டு நின்றிருக்கும், கடை மூடியிருக்கும், தினக்கூலிக்காரர் வீட்டில் உலை வைத்திருக்க முடியாது. காய்ச்சல் பிள்ளையைக் கிளினிக்குக்குத் தூக்கிப் போகவும் பயந்திருப்பார்கள்.

2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயா பக்கத்துக் கம்போங் மேடானில் நடந்த மலாய்க்காரர்-இந்தியர் மோதல் உனக்கும் நினைவிருக்கும். ஒரு பக்கம் கல்யாண வீடு, பக்கத்திலேயே சாவு வீடு, அங்கே மூண்ட தகராறு என்றார்கள். 6 உயிர் போனது. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம்மவர்கள் எத்தனையோ பேர் அப்படிப்பட்ட புறம்போக்குப் பகுதிகளில்தான் ஒண்டினார்கள். வறுமை, இட நெருக்கடி, பழக்கமில்லாத பக்கத்து வீடு. இதற்கு மேல் வதந்தியும் வந்தால் யார் போய் நடுவில் நிற்பது?

1969 மே 13 இனக் கலவரத்துக்குச் சில வருடங்கள் கழித்து, 1975-இல் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பு வந்ததே, முதலில் அது ராத்திரி ரோந்துதான். உன் அப்பாவும் தௌக்கேயின் அப்பாவும் ஒரே டார்ச் லைட்டோடு சுற்றியவர்கள். அந்தப் பழக்கம் எத்தனை சண்டையைத் தடுத்ததோ!

எல்லாரும் கூடி ஊர் வேலை செய்யும் அடுத்த கோத்தோங் ரோயோங்குக்கு இந்த வங்காளதேசத்துப் பிள்ளைகளையும் கூப்பிட்டிருக்கிறோம். கொம்பாணி ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போடாமல் இருக்க வேண்டும், அதைக் கேட்டுப் பார்க்கிறோம். அப்புறம், உன் அடுக்குமாடியில் காவலாளியும் கேமராவும் இருப்பதாக எழுதியிருந்தாய், நல்லது. எதிர்வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை உண்டா? பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு வா, பாக்சிக்கும் உன்னை விசாரித்தார்.

அன்புடன்,
உன் பழைய லயத்துக் கூட்டாளி