கோடைப் பாடமும் சனிக்கிழமைக் கொண்டாட்டங்களும்

ஆசிரியருக்கு வணக்கம்.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் கோடையில் பாடம் எடுக்கும் பிள்ளைகளுக்காகவும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். நான் ஸ்காபரோவில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு நுண்கணிதம் சொல்லிக்கொடுப்பவள்.

செப்டம்பரில் தொடங்கினால் 12 வாரம் ஓடுகிற பாடம், மே-ஜூனில் 6 வாரத்தில் முடிந்துவிடும். செவ்வாய்க்கிழமை பகுதிகளாகத் தொகையிடல் (பெருக்கலாக வரும் இரண்டு சார்புகளில் ஒன்றை வகையிட்டு மற்றதைத் தொகையிடும் முறை) படிப்பித்தால், வியாழக்கிழமை அதன்மேல் அடுத்தது ஏறிவிடும். ஆகவே அன்றைய கணக்கை அன்றிரவே, குறிப்பை மூடிவைத்து, வெற்றுத் தாளில் செய்துபாருங்கள். வகுப்பில் பார்க்கும்போது எல்லாம் விளங்கின மாதிரித்தான் இருக்கும். எதை வகையிடுவது, எதைத் தொகையிடுவது என்று தானே தெரிவுசெய்ய வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிடும். அந்த வரியைக் குறித்துக்கொண்டு, விரிவுரையாளர் மாணவரைச் சந்திக்கும் அடுத்த நேரத்திலேயே போய்க் கேளுங்கள். வார இறுதிவரை வைத்திருந்தால் பிந்திவிடும்.

முழுநேர வேலையோடு இரண்டு பாடம் எடுக்க வேண்டாம். பாடத்தைக் கைவிடும் கடைசி நாளும் கோடையில் சீக்கிரம் வந்துவிடும். முதல் நாளே கலண்டரில் குறித்துவையுங்கள்.

அப்புறம் பெற்றோருக்கு. கோடை வந்தால் எங்கள் வீடுகளில் கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று சனிக்கிழமை ஒன்றும் மிஞ்சாது. சித்தி கோவிப்பார், மாமா குறைசொல்வார் என்று பிள்ளையை மண்டபம் மண்டபமாக இழுக்காதீர்கள். அந்த 6 வாரமும் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு, நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
ஸ்காபரோ.