கோரிக்கை மனு: நாள்பட்ட மூட்டுவாதத்தால் கால் மடங்கிய குழந்தைகளுக்கு மாவட்ட மருத்துவமனையில் கூட்டுச் சிகிச்சை நாள்

அனுப்புநர்:
ஏழாம் வகுப்பு மாணவி ஒருவரின் தாய்

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மக்கள் குறைதீர்க்கும் நாள்

மதிப்பிற்குரிய அய்யா,

என் மகளுக்கு ஆறு வயதில் வலது முழங்கால் வீங்கியது. வளர்கிற பிள்ளைக்கு வரும் வலிதான் என்று சொல்லப்பட்டதை நாங்களும் நம்பினோம். பதினாறு வயதுக்குள் தொடங்கி ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் சிறார் மூட்டுவாதம் அது என்று தெரிய வந்தபோது இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. இப்போது வாரம் ஒருமுறை தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையால் வீக்கம் அடங்கிவிட்டது. மடங்கிய கால் மட்டும் நிமிரவில்லை. மூட்டழற்சியால் இரத்த ஓட்டம் கூடியதில், எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு தூண்டப்பட்டு, நோயுற்ற காலே மற்றதைவிட நீளமாக வளர்ந்திருக்கிறது. இதைக் கேட்பவர்கள் எளிதில் நம்புவதில்லை.

இறுகிய தசைநாரையும் மூட்டின் பின்புற உறையையும் தளர்த்தும் அறுவை செய்தாலும், காலை ஒரே நாளில் நீட்டினால் நரம்பும் இரத்தக்குழாயும் இழுபடும் என்பதால், மாவுக்கட்டை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகவே நிமிர்த்த வேண்டும் என்றும், அதன்பின் பிசியோதெரபி தொடராவிட்டால் கால் மீண்டும் மடங்கும் என்றும் மருத்துவர்கள் விளக்கினர். வளர்ச்சித் தட்டின் ஒரு பக்கத்தில் சிறு தகடு பொருத்தி எலும்பின் வளர்ச்சியையே திருப்பும் முறை, வளர்ச்சி முடிந்தபின் பயன்படாது. செயற்கை மூட்டோ தேய்ந்து மாற்ற வேண்டியது. ஆகவே அதை இயன்றவரை தள்ளிப்போடுகிறார்கள். எங்களுக்கு இருப்பது சில ஆண்டுகளே.

இந்நிலையில் குழந்தை மருத்துவர் எலும்பு மருத்துவரிடமும், அவர் மயக்க மருந்து மருத்துவரிடமும் (இந்நோயில் கழுத்தும் தாடையும் இறுகுவதால் மயக்கத்தின்போது மூச்சுக்கான குழாயைத் தொண்டை வழியே செலுத்துவது கடினமாகலாம்) என வெவ்வேறு நாட்களில் அனுப்பியதில் எட்டு மாதங்கள் போயின. யாரையும் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. ஒவ்வொருவரும் தம் பங்கைச் சரியாகவே செய்தனர், ஒரே அறையில் அமர்ந்துதான் பேசவில்லை.

எனவே, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாதம் ஒரு நாள், மேற்கண்டவர்களோடு கண் மருத்துவரும் (இந்நோய் கண்ணையும் பாதிக்கலாம்) பிசியோதெரபிஸ்டும் சேர்ந்து இக்குழந்தைகளைப் பார்க்க ஆவன செய்யுமாறும், பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுவினர் ஆறு வாரம் கடந்த மூட்டு வீக்கத்தைக் கண்டால் குழந்தைகளின் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டு சிகிச்சைக்கு வழிசெய்யும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு உடனே அனுப்ப அறிவுறுத்துமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இணைப்பு: சிகிச்சைச் சீட்டுகள், எக்ஸ்ரே நகல்.

இப்படிக்கு,
மாணவியின் தாய்