குறிஞ்சி நிறத்தை நிறுத்திவிட்டேன், அக்கா

அன்புள்ள அக்கா,

நாம் கையால் செய்து விற்ற நீர்வண்ணங்களில் குறிஞ்சிப் பெட்டி இனி இல்லை. போன வாரத்தோடு நிறுத்திவிட்டேன். உங்களிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். கேட்டால் விடமாட்டீர்கள் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. நமக்குள் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. நம்மிடம் வாங்கியவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது நிறத்தைப் பற்றிய விவரம் மட்டும்தான்.

பருத்தித் தாளில் விரல் அகலத்துக்குப் பட்டைகள் தீட்டினேன். ஒவ்வொன்றிலும் பாதியை அலுமினியத் தாளால் மூடி, தெற்குப் பார்த்த சன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தேன். மூன்று மாதம். காவி அசையவே இல்லை. மஞ்சிட்டி வேரில் எடுத்த சிவப்பு லேசாக வெளிறியது. சங்குப்பூவில் எடுத்த நம் குறிஞ்சி நிறம் மூன்றாவது வாரமே சாம்பல் தட்டிவிட்டது. கடைசியில் அலுமினியத் தாளை உரித்தபோது, மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் நடுவே கத்தியால் கீறியது போல ஒரு கோடு. கொடைக்கானல் இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். வெயில் சுடாவிட்டாலும் புற ஊதாக் கதிர் கீழே வத்தலக்குண்டில் விழுவதைவிட இங்கே அதிகம்.

2018-ல் குறிஞ்சி பூத்தபோது நம் பெட்டியை வாங்கிக்கொண்டு மலைச்சரிவில் உட்கார்ந்து வரைந்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்து 2030-ல் பூக்கும். அன்றைக்கு அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தால் பூ இருந்த இடத்தில் அழுக்குக் கறைதான் இருக்கும். சுவரில் மாட்டியவர்களுக்கு இப்போதே அப்படித்தான் ஆகியிருக்கும்.

'இயற்கை' என்ற ஒரு சொல்லை வைத்தே ஒவ்வொரு முறையும் என் வாயை அடைத்தீர்கள். அல்ட்ராமரீன் நீலத்தைப் போடலாம் என்றால், ஆலைச் சரக்கு என்றீர்கள். களிமண், சோடா, கந்தகம் மூன்றையும் சேர்த்துச் சுட்டு எடுக்கிற நீலம் அது. வேட்டிக்குப் போட்ட பழைய நீலக்கட்டியும் அதுதான். வெயிலுக்கு அது அஞ்சாது, அமிலம் பட்டால்தான் சாகும். பூவில் வந்தது நல்லது, உலையில் வந்தது கெட்டது என்று பிரித்தால் காவியை எங்கே வைப்பீர்கள்? மஞ்சள் காவியை வறுத்துத்தானே சிவப்புக் காவி எடுத்தோம்?

ஒன்றில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. பாதரசத்தில் செய்கிற சிவப்பான அசல் சாதிலிங்கம் கேட்டு எத்தனை பேர் எழுதினாலும் கூடாது என்று நின்றீர்கள். பாதரசத்தால் கெட்டு, 2001-ல் தெர்மாமீட்டர் ஆலையை மூடவைத்த ஊரில் பாதரசச் சிவப்பை அரைக்கக் கூடாது. அதை நான் மாற்றவில்லை, மாற்றவும் மாட்டேன்.

அந்த ராத்திரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. சங்குப்பூச் சாற்றைச் சூடாக்கிப் படிகாரம் கரைத்தாயிற்று. படிகாரம் இரண்டு பங்கு, சலவை சோடா ஒரு பங்கு என்பது கணக்கு. சோடாத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், நுரை அடங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. நான் அவசரப்பட்டு மொத்தமாகச் சாய்த்துவிட்டேன். பொங்கி வழிந்தது. அடங்கியதும் பார்த்தால் பாத்திரம் முழுக்கப் பாசிப்பச்சை. நீங்கள் திட்டவில்லை. அரை மூடி எலுமிச்சையை எடுத்துப் பிழிந்தீர்கள். நம் கண்ணெதிரே பச்சை நீலமாகி, நீலம் ஊதாவுக்குத் திரும்பியது. "பாத்தியா, பூவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றீர்கள். அடுப்பு வெளிச்சத்தில் உங்கள் முகம் எப்படி இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் அக்கா, அந்த எலுமிச்சைதான் சரக்கைக் கெடுத்தது. படிகாரமும் சோடாவும் சேர்ந்து உண்டாகி, நிறத்தைப் பிடித்து வைத்திருக்கிற அலுமினிய வண்டல் புளிப்பில் கரைந்துவிடும். காடாத்துணியில் வடிகட்டியபோது பாதி நிறம் தண்ணீரோடு போனது அதனால்தான். புளிப்புக்கு ஒரு நிறம், காரத்துக்கு ஒரு நிறம் என்று மாறுகிற சாயம், சுண்ணாம்புத்தூள் கலந்து செய்த தாளில் தீட்டினால் அங்கேயும் பச்சைக்குச் சாயும். இது எனக்கு அப்போதே தெரியும். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்தேன். பிறகு விற்பனை நன்றாக இருந்தது, அப்போதும் சொல்லவில்லை. உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மன்னித்துவிடுங்கள். வாங்கியவர்களிடமும் இதையே சொல்கிறேன். பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள், புது நிறம் அனுப்புகிறேன்.

புது நிறம் அல்ட்ராமரீன் நீலம் ஆறு பங்கு, குவினாக்ரிடோன் என்கிற ஆலை ஊதா ஒரு பங்கு. நிறப்பொடிகளுக்கான குறியீட்டில் நீலம் பிபி29, ஊதா பிவி19. ஊதாப் பொடி தண்ணீரில் ஒட்டாமல் மிதக்கும். நாலு சொட்டு ஸ்பிரிட் விட்டுப் பிசைந்தால் நனையும். பிசின் ஒரு பங்குக்கு வெந்நீர் இரண்டு பங்கு, ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, கிராம்பு எண்ணெய் சில சொட்டு. அந்தக் கரைசல் நாலு பங்குக்கு மலைத்தேன் ஒரு பங்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேனைக் குறைத்தே ஆக வேண்டும், ஆறுக்கு ஒன்று போதும். இல்லையென்றால் சிறு கிண்ணத்தில் ஊற்றிய வண்ணம் காயாமல் பிசுபிசுத்து மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும். ரொம்பக் குறைத்தாலும் பங்குனி வெயிலில் வெடித்துக் கழன்றுவிடும். கண்ணாடிக் குழவியில் கரகர சத்தம் நிற்கும் வரை அரைக்க வேண்டும். காது வைத்துக் கேட்கச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். ஊற்றுவதும் உங்கள் முறைதான், ஒரே மூச்சில் நிரப்பாமல், காயவிட்டுக் காயவிட்டு மூன்று தடவை. சொரசொரப்பான தாளில் நீலம் குழிகளில் இறங்கும், ஊதா மேலே பரவி நிற்கும். தூரத்துச் சரிவில் குறிஞ்சி தெரிகிற மாதிரியே இருக்கிறது. சங்குப்பூவில் ஒரு நாளும் இது வந்ததில்லை.

பெட்டிதான் பாக்கி. தீப்பெட்டி மாதிரி இழுத்துத் திறக்கிற கூடு, மேலே நீங்கள் அச்சுக்காக லினோலியத் தகட்டில் செதுக்கிய குறிஞ்சிக் கொத்து. பலர் அந்தப் படத்துக்காகவே வாங்கினார்கள், உள்ளே என்ன சரக்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. அது எனக்கு வருத்தம்தான். படம் அழகு என்பதும் உண்மை. அச்சுக்கட்டை உங்களிடம் இருக்கிறது. கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அனுப்பினால் உங்கள் பெயரைப் போட்டு அச்சடிக்கிறேன். அனுப்பாவிட்டால் வெறும் பழுப்புத் தாளில் சுற்றி, மேலே பிபி29, பிவி19 என்று கையால் எழுதி விற்கிறேன். மார்கழி பிறப்பதற்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அக்கா. முதல் ஈடு அதற்குள் காய்ந்துவிடும்.