கதவு சாத்திய அறை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டாயாமே, இப்போது மாடி ஏற முடிகிறதா? இங்கே அமெரிக்காவில் பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். போன வருஷம் குடியுரிமை வாங்கிய மகளுக்கு, ஜூரி வேலைக்கு வரச்சொல்லி இப்போது தபால் வந்திருக்கிறது. அதைப் பார்த்ததும், தகவல் கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்க நிருபர் மறுக்கலாமா என்பது பற்றி நீ கேட்டிருந்தது நினைவுக்கு வந்தது. "குற்றம் தெரிந்தவன் யாராக இருந்தாலும் கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியதுதானே, நிருபருக்கு மட்டும் என்ன சலுகை?"

நீ நம்மூர் கோர்ட்டை மனதில் வைத்துக் கேட்கிறாய். இங்கே கிராண்ட் ஜூரி என்பது வேறு. மத்திய அரசு வழக்கு என்றால், குற்றம் சாட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்யப் பொதுமக்களில் 16 முதல் 23 பேர் உட்கார்ந்திருப்பார்கள். நீதிபதி இருக்கமாட்டார். சாட்சியின் வக்கீல் கதவுக்கு வெளியேதான் நிற்கவேண்டும். கேள்வி கேட்பவர் அரசு வழக்கறிஞர். உள்ளே நடப்பது ரகசியம்.

எர்ல் கால்ட்வெல் என்ற கறுப்பின நிருபர், நியூயார்க் டைம்ஸுக்காக இந்த சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் பிளாக் பாந்தர் என்ற தீவிரக் கறுப்பின இயக்கத்தைப் பற்றி எழுதிவந்தவர். 1970இல் கிராண்ட் ஜூரி முன் வரச்சொல்லி அவருக்குச் சம்மன் வந்தது. அவரிடம் ரகசியமாகச் சொன்னதை வெளியிட வேண்டாம், வந்து ஆஜராகு போதும் என்று கோர்ட் சலுகை காட்டியது. அவர் அதற்கும் மறுத்தார். நான் முதலில் இதைப் படித்தபோது வீம்பு என்றுதான் நினைத்தேன். யோசிக்க யோசிக்கப் புரிந்தது. கதவு சாத்திய அறைக்குள் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வெளியே வந்தால், "உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை" என்று எதைக் காட்டி நிரூபிப்பார்? அதன்பிறகு எவன் அவரிடம் வாய் திறப்பான்?

இன்னொருவர், பால் பாப்பஸ் என்ற டிவி நிருபர். மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூ பெட்ஃபோர்டில் பாந்தர்கள் தங்கியிருந்த இடத்துக்குள் போக அவருக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் போலீஸ் ரெய்டு வந்தால் மட்டுமே எழுதலாம் என்று நிபந்தனை. சுமார் மூன்று மணி நேரம் இருந்தார். ரெய்டு வரவில்லை, அவரும் எழுதவில்லை. எழுதாத செய்திக்கும் சம்மன் வந்தது!

1972இல் உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்று இவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள கடமை நிருபருக்கும் உண்டு என்றார் நீதிபதி வைட். நீ சொல்வதும் அதையேதான்.

உன் பக்கம் வலுவான உதாரணமும் இருக்கிறது. 2005இல் நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜூடித் மில்லர், தகவல் கொடுத்தவரைச் சொல்ல மறுத்து 85 நாள் சிறையில் இருந்தார். அவர் காப்பாற்றியது ஏழை எளியவனை அல்ல, துணை ஜனாதிபதியின் அலுவலகத்தில் இருந்த ஓர் அதிகாரியை. அந்த விஷயத்தில் எனக்கும் மனம் ஒப்பவில்லை. ஆனால் தகவல் கொடுப்பவர்களில் நல்ல சோர்ஸ், கெட்ட சோர்ஸ் என்று அரசு வழக்கறிஞரைப் பிரிக்கவிட்டால், அரசாங்கத்துக்குப் பிடிக்காதவர்கள்தான் கெட்டவர்களாக இருப்பார்கள். ஓர் உயிர் உடனே போகப்போகிறது என்றால் நிருபர் பேசத்தான் வேண்டும். அதற்குமேல் விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

நாம் நிருபர்களாக இருந்த காலத்து எடை மேடைக்காரரை மறந்திருக்கமாட்டாய். மணல் லாரிகளின் எடைச் சீட்டுகளைச் சட்டைக்குள் மடித்துவைத்துக் கொண்டுவந்து, டீக்கடைப் பின்பக்கம் நம் கையில் கொடுத்தாரே. சீட்டெல்லாம் வியர்வையில் நனைந்து எழுத்து கலங்கியிருந்தது. என் நோட்டில் அவர் பெயரை எழுதவே இல்லை, ஒரு புள்ளி மட்டும் வைத்தேன். யார் கொடுத்தது என்று விசாரித்தபோது உனக்கும் எனக்கும் சட்டத்தின் துணை எதுவும் இருக்கவில்லை, வாயை மூடிக்கொண்டோம். நம்மை மட்டும் ஓர் அறைக்குள் கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே அவர் ஊரைவிட்டுப் போயிருப்பார். சலுகை அவருக்குத்தான் செல்வம், நமக்கல்ல.

இங்கே மேரிலாண்ட் மாநிலம் 1896லேயே, சோர்ஸைச் சொல்லாத நிருபரைக் காப்பாற்றச் சட்டம் போட்டுவிட்டது. பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு பாதுகாப்பு உண்டு. மத்தியில்தான் இன்னும் சட்டம் இல்லை. 2024 ஜனவரியில் கீழவை அதற்கான ஒரு மசோதாவை எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றியது, செனட்டில் போய் நின்றுவிட்டது. மத்திய அரசின் நீதி இலாகா, நிருபர்களிடம் சோர்ஸைக் கேட்பதில் தானாக வைத்திருந்த கட்டுப்பாட்டையும் 2025இல் தளர்த்திவிட்டார்கள். ஆள் மாறினால் விதியும் மாறும் என்றால் ஒரு நிருபர் எந்த தைரியத்தில் வாக்குக் கொடுப்பார்?

எடை மேடைக்காரர் இப்போது எப்படி இருக்கிறார்? அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வா. எனக்கு எழுதும்போது பெயரைப் போடாதே.

அன்புடன்,
ராமு